நாற்காலியில் உட்கார்ந்தவரெல்லாம் வைத்தியர்

தெருமுனைச் சலூன்காரருக்கு அக்கம்பக்கம் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. ஒருவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு அவரோடு வாக்குவாதம் செய்யக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். ஆளும் கட்சிக்காரர் உட்கார்ந்தால், "ஆமாங்க, நல்ல ஆட்சி." எதிர்க்கட்சிக்காரர் உட்கார்ந்தால், "ஆமாங்க, படுமோசம்." இருவரும் ஒன்றாக வந்துவிட்டால் மட்டும் மனிதருக்குத் திடீரென்று வயிற்றைக் கலக்கும்.

சர்க்கரை நோய் வந்தபோதுதான் வினையும் வந்தது. அடுத்த தெரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முடி வெட்ட வந்தவரெல்லாம் வைத்தியராகிவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் சிறுகுறிஞ்சான் பொடி கொண்டுவந்தார். கணக்கு வாத்தியார் வெந்தயத்தை ஊறவைக்கச் சொன்னார். மளிகைக்கடைக்காரர் பாகற்காய்ச் சாற்றைப் பாட்டிலிலேயே நீட்டினார். யார் மனமும் கோணக் கூடாதே! எல்லாவற்றையும் "ஆமாங்க" என்று வாங்கி, நிஜமாகவே விழுங்கினார்.

"வயித்துக்குள்ள ஒரு நாட்டு மருந்துக்கடையே வெச்சிருக்கீங்க. டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

எங்கே சொன்னார்? "மாத்திரை மட்டும்தானே சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். பழகிய வாய், தானாகவே "ஆமாங்க டாக்டர்" என்றுவிட்டது.

ஒருநாள் காலை கடையில் நல்ல கூட்டம். மாத்திரை, பொடி, சாறு எல்லாம் உள்ளே போயிருந்தன. சாப்பாடு மட்டும் போகவில்லை. நாற்காலியில் அந்த டாக்டரே உட்கார்ந்திருந்தார்; ஒரு கன்னம் சவரம் முடிந்தது. மறு கன்னத்துக்குப் போகும்போது ஆமாஞ்சாமிக்கு வியர்த்துக் கொட்டியது. கத்தி பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது. கண்ணாடியில் அதைப் பார்த்த டாக்டர் தாடையை அசைக்காமலே சொன்னார்:

"கத்திய மெதுவா கீழ வைங்க."

"ஆமாங்க டாக்டர்," என்றார் அவர். கை கேட்டால்தானே! டாக்டரே மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை வாங்கினார். காத்திருந்த எலக்ட்ரீஷியன் டீக்கடைக்கு ஓடிச் சர்க்கரை கரைத்த தண்ணீர் வாங்கி வந்தார்.

கொஞ்ச நேரத்தில் தெளிந்ததும் பொடிகளின் கதையெல்லாம் வெளியே வந்தது.

"மாத்திரையும் சர்க்கரைய குறைக்குது, இதுங்களும் குறைக்குது. எல்லாம் சேர்ந்தா ஆளே விழ வேண்டியதுதான். பொடி சாப்பிட்டதுகூட இருக்கட்டும். எங்கிட்ட ஏன்யா மறைச்சீங்க?"

எலக்ட்ரீஷியன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நான் அப்புறம் வரேண்ணே," என்று நழுவினார். ஆமாஞ்சாமிக்குப் பகீரென்றது. நடுங்கும் கையிடம் யார் கழுத்தை நீட்டுவார்கள்? குடும்பத்துக்குச் சோறு போடுவதே அந்தக் கைதான்.

அவர் ஒரு பன்னைத் தின்று முடித்ததும் டாக்டர் கேட்டார்: "இப்ப பரவாயில்லையா? மிச்சத்தையும் எடுத்துடுறீங்களா?"

"ஆ..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "முடியாது டாக்டர். இன்னைக்கு நான் கத்திய தொடமாட்டேன்."

டாக்டர் கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு பக்கம் மழமழ, மறுபக்கம் கரடுமுரடு. அந்தக் கோலத்திலேயே தெரு வழியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அன்று முழுக்க யார் சிரித்துக்கொண்டே விசாரித்தாலும் அவர் ஒரே பதில்தான் சொன்னார்:

"மிச்சம் நாளைக்கு. அவர்கிட்டதான்."