கழுத்தில் கோடு இழுத்த மாப்பிள்ளை

மைசூரில் பதினைந்து வருஷமாகச் சைகை மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் திணறிய ஒரு நாளைத்தான் முதலில் சொல்வேன்.

கல்யாணப் பதிவுக்காக சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் கூப்பிட்டிருந்தார்கள். பெண் சுமதி, மாப்பிள்ளை மாதேஷ், தமிழ் பேசுகிற மார்டள்ளி கிராமத்துக்காரர். இருவருக்கும் காது கேட்காது. சுமதி காதுகேளாதோர் பள்ளியில் இந்தியச் சைகை மொழி படித்தவள். "முழு சம்மதமா?" என்று கேட்டதும் பதில் சொல்லிவிட்டாள். மாதேஷிடமும் அதையே கேட்டேன். நான் ஈ ஓட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சுற்றிலும் பார்த்தார். பள்ளிக்கூடமே போகாதவர், நான் காட்டிய சைகை மொழி அவருக்குத் தெரியாது. ஆபீசர் தன் பங்குக்கு அதே கேள்வியைக் கன்னடத்தில் கத்திப் பார்த்தார்.

மாதேஷ் விரலால் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார்.

"ஏன்ரீ, கழுத்தை அறுப்போம்னு யாரோ மிரட்டியிருக்காங்க! போலீசுக்குச் சொல்லுங்க!" ஆபீசர் எழுந்தேவிட்டார்.

மாதேஷின் அக்கா பதறினார். "ஐயோ, தாலி கட்டோணும்னு சொல்றானுங்க! எங்கூட்டுல அப்படித்தான் காட்டுவோம்."

அதைக் கன்னடத்தில் சொன்னேன். ஆபீசர் இறங்கி வரவில்லை. "சொந்தக்காரங்க சொன்னா செல்லாது. பொண்ணு சொன்னாலும் செல்லாது. இந்தச் சைகை தெரிஞ்ச வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க."

அக்காவிடம் விசாரித்துவிட்டுச் சொன்னேன். "சார், இதைப் பேசறவங்களே ஏழு பேர்தான். ஏழு பேரும் அவர் வீட்டுக்காரங்க."

"அப்ப எட்டாவது ஆளைக் கூட்டிட்டு வாங்க."

சுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கல்யாணமே பிடிக்காத அவள் அண்ணன், "இன்னிக்கு நடக்காது, கெளம்பலாம்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

எட்டாவது ஆளாக நானே ஆகிவிடுவதென்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். மாதேஷ் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அக்கா தமிழில் விளக்கினார். பிடித்திருந்தால் நெஞ்சில் இரண்டு தட்டு. கட்டாயப்படுத்துவதற்கு, ஆட்டை இழுப்பதுபோலக் காதைப் பிடித்து இழுக்க வேண்டும்.

உள்ளே போய்ச் செய்துகாட்டினேன். ஆபீசருக்கு நம்பிக்கை வரவில்லை. "நானே கேக்கறேன்" என்று தன் காதைத் தானே பிடித்து இழுத்து, புருவத்தை உயர்த்தினார்.

மாதேஷ் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு இல்லையென்று கையை வீசி, தன் இரண்டு கால்களையும் தொட்டு, சுமதியைக் காட்டி, நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். ஆபீசர் கையமர்த்தினார். "புரிஞ்சுதுரீ. யாரும் இழுத்துட்டு வரலை. தானா நடந்து வந்திருக்கார்."

கையெழுத்தெல்லாம் முடிந்தது. எந்த மொழியில் விளக்கப்பட்டது என்று எழுத வேண்டிய இடத்தில் அவர் பேனா நின்றது. "இதுக்குப் பேர் என்ன?"

பேர் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்து, 'மாதேஷ் வீட்டு மொழி' என்று எழுதி சீல் போட்டார்.

சைகை மொழிகள் பல. நாம் படித்தது அதில் ஒன்று. போன இடத்தில் முதலில் உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் கைகளைப் பாருங்கள்.