ஆறு சொட்டு

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, திருவள்ளூரில் இடுப்பு ஆபரேஷன் முடிந்து மணவாள நகர் வீட்டுக்குத் திரும்பியபோது, கூடவே இருபத்தெட்டு ஊசிகளும் வந்தன. படுத்தே கிடப்பவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடுமாம். அதைத் தடுக்க வயிற்றுத் தோலில் தினம் ஓர் ஊசி. மருந்து உள்ளேயே நிரப்பி வரும்.

போடும் முறையை நர்ஸ் என் மகனுக்குத்தான் கற்றுக்கொடுத்தார். முதல் ஐந்தை அவன் போட்டான். திங்கட்கிழமை அவனுக்கு ஷிஃப்ட் மாறியது. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போது, "தோல மடிச்சிப் புடி, நேரா குத்து, மெதுவா அமுக்கு நைனா. அவ்ளோதான்" என்றான்.

ஊசிக்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தது. நான் கும்மிடிப்பூண்டியில் முப்பத்தொரு வருஷம் ஹைட்ராலிக் பிரஸ்களைப் பார்த்துக்கொண்டவன். எண்ணெய்க் குழாயில் காற்று இருந்தால் மிஷினை ஓட்ட மாட்டோம். காற்றை வெளியே விட்டு, எண்ணெய் சொட்டுவதைக் கண்ட பிறகே ஸ்விட்சைத் தொடுவோம். இங்கும் அதையே செய்தேன். நுனியில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்ததும் குத்தினேன். ஆறு நாள்.

ஞாயிறன்று வீட்டில் இருந்த மகன், நான் காற்றைத் தள்ளப் போவதைப் பார்த்து என் கையைப் பிடித்தான்.

"இன்னா நைனா பண்றே? காத்தத் தள்ளக் கூடாது. அது உள்ள இருந்தாத்தான் கடைசிச் சொட்டும் போவும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"என்கிட்ட சொல்லலியே."

"நீ தள்ளுவேன்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஆறு சொட்டு மருந்து. விரிப்பில் விழுந்து காய்ந்திருக்கும். அதை எப்படித் திரும்ப உள்ளே செலுத்துவது?

இஞ்சு டேப்பை எடுத்து அவள் கெண்டைக்கால்களை அளந்தேன். இடது முப்பத்திரண்டு சென்டிமீட்டர், ஆபரேஷன் செய்த வலது முப்பத்து மூன்றரை. நர்ஸுக்குப் போன் செய்து சொட்டையும் அளவையும் சொன்னேன்.

"சொட்டுக்கெல்லாம் பயப்படாதீங்க ஐயா, இனிமே தள்ளாதீங்க. ஆபரேஷன் காலு கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். வீக்கம் ஏறினாலோ, கெண்டைக்கால் வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே இட்டுக்கினு வாங்க. முன்னாடி எவ்ளோ இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து மாத்திரையை எண்ணினேன், அவள் குடித்த தண்ணீரை டம்ளர் கணக்கில் எண்ணினேன். கெண்டைக்காலை மட்டும் முதல் நாள் அளக்கவில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் ஆபரேஷனால் வந்ததா, என்னால் வந்ததா என்று யாரிடம் கேட்பது?

அன்று ஐந்து முறை அளந்தேன். முப்பத்து மூன்றரைதான்.

"ஜாக்கெட் தெக்கிறவன்கூட ஒரு வாட்டிதான் அளப்பான்" என்றாள் அவள்.

மணிக்குப் பத்து தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லியிருந்தார்கள். அருகில் உட்கார்ந்து எண்ணினேன். ஏழில் நிறுத்திவிட்டாள்.

"இன்னும் மூணு."

"வலிக்குதுய்யா. மிச்சத்த நீயே ஆட்டு."

கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூச்சை எண்ணத் தொடங்கினேன். பாதியில்தான் கவனித்தேன், நாற்காலிக்குக் கீழே என் பாதங்கள் ஆடிக்கொண்டிருந்தன. மூன்றுக்கு மேலேயே ஆகியிருக்கும்.