பூரணிக்கு ஊர் டயகம

ஆண்டியப்பன் கணக்கப்பிள்ளை எழுதிய ஒரு வரியை நினைத்தால் பதினைந்து வருஷமாகியும் எனக்குக் குமட்டுகிறது. எங்கள் அப்பா மூக்கன் 1950ஆம் வருஷம் செத்தபோது, கருமாதி நோட்டீஸுக்காக அந்த ஆள் எழுதிக் கொடுத்தது. "திருச்சி ஜில்லா, முசிறி தாலுகாவைச் சொந்த ஊராகக் கொண்ட அன்னார், பிறந்த மண்ணை மீண்டும் மிதிக்கும் ஆவல் ஈடேறாமலே, கண்ணீரோடு இறைவனடி சேர்ந்தார்."

அப்பாவுக்கு அப்படி ஓர் ஆவல் இருந்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஏழு வயதில் மாமன் முதுகில் ஏறிக் கடல் தாண்டி வந்த மனுஷன். ஊரைப் பற்றிக் கேட்டால், "அங்க என்னா இருந்திச்சு? பசி இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கடைசியாக அவர் ஆசைப்பட்டது நெத்தலிக் கருவாட்டுக் குழம்புக்கு. அதையும் தின்றுவிட்டுத்தான் செத்தார். கண்ணீரெல்லாம் கிடையாது.

ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்த லயத்து வீட்டில் யார் செத்தாலும் நோட்டீஸ் எழுதுகிறவர் ஆண்டியப்பன்தான். தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. டயகமப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் வேலை வாங்கும்போது எங்களை "ஏய் மாடு" என்று கூப்பிடுகிற அதே வாய், செத்த பிறகு "அன்னார்" என்று எழுதும். எல்லோருக்கும் ஒரே வரிதான். ஊரை மட்டும் மாற்றுவார். துறையூர், நாமக்கல், புதுக்கோட்டை.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நோட்டீஸை லயத்து வாசலில் நின்று சத்தமாகப் படித்தவன் நான்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவன். "கண்ணீரோடு" என்ற இடத்தில் என் குரலே உடைந்தது. "என்னா எழுத்துடா!" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அப்பன் பெயரை அச்சில் பார்த்த மயக்கம். த்தூ.

அந்தத் தாளை நாலாக மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தது என் அக்கா பூரணி. அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். இந்த 1965ஆம் வருஷம் தை மாதம் அவள் போய்விட்டாள். அவளுடைய நோட்டீஸில் நான் நாலைந்து வரிதான் போட்டேன். அதில் அடங்காதது இது.

அக்கா பிறந்தது பத்தாம் நம்பர் லயத்தில், அடுப்புக்குப் பக்கத்தில். பன்னிரண்டு வயதில் கூடை மாட்டினாள். கை வேகம். வாய் அதைவிட வேகம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், நிறுவையைப் பார்க்கும் கண்டாக்கையா ஈரத்துக்கென்று இரண்டு றாத்தலைக் கழித்தால், மற்றப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். அக்கா நின்று கேட்பாள்.

"ஐயா, மூணு நாளா வெயிலு கொளுத்துது. இது ஏது ஈரம்? எங்க வேர்வைங்களா? அப்பன்னா அதையும் சேத்து நிறுங்க."

மடுவமே சிரித்தது. அதற்குத் தண்டனையாக மூன்று நாள் வேலை கொடுக்கவில்லை. நாலாம் நாள், வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

புருஷன் இராமையா, மரம் வெட்டும்போது கிளை விழுந்து செத்தான். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பிள்ளை இல்லை. மறுபடி கட்டிக்கொள்ளச் சொன்னவர்களிடம், "ஒருத்தனுக்கு ஆக்கிப் போட்டது போதும்" என்றாள். அந்த வருஷம்தான் லயத்துக்குப் பின்னால் ஒரு பேரி மரம் நட்டாள். எங்கிருந்து கன்று கொண்டுவந்தாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. தொரை பங்களாவிலிருந்து திருடியது என்றுதான் நான் நினைக்கிறேன். ஏழு வருஷம் காய்க்கவில்லை. நான் வெட்டிவிடலாம் என்றேன். "ஒன்னைய அம்மா ஏழு வருசத்துல வெட்டிப் போட்டாளாடா?" என்று கேட்டாள்.

நல்லவள் என்று எழுத மாட்டேன். என் பெண்சாதி வேலாயிக்கும் அவளுக்கும் ஒரு நாளும் ஒத்துவந்ததில்லை. வேலாயி வைத்த கறியில் உப்பில்லை என்றால், "ஏன்டி, ஒங்க சட்டிக்குள்ள வாரதுக்கு உப்புக்கும் பிரஜாவுரிமை வேணுமா?" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கத்துவாள்.

பிரஜாவுரிமை. அந்தச் சொல் எங்கள் வாயில் ஏறிய காலம் அது. சட்டம் வந்துவிட்டது, இந்த நாட்டில் இருக்க வேண்டுமானால் மனுப் போட வேண்டும், அத்தாட்சி காட்ட வேண்டும் என்றார்கள். அக்காவுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை. அடுப்படியில் பிறந்ததை யார் பதிந்தார்கள்? அப்போது அவள் தகரப் பெட்டியைத் திறந்து அப்பாவின் நோட்டீஸை எடுத்தாள்.

"இதை வை. அப்பா இங்கனயே வாழ்ந்து இங்கனயே செத்தாருன்னு இதுல இருக்கில்ல? கையெழுத்த நம்ப மாட்டானுங்க. அச்ச நம்புவானுங்க."

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்தான் அதை மனுவோடு சேர்த்துக் கட்டினேன்.

ஆறு வருஷம் கழித்து, 1957இல் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பட்டணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோர். அங்கே ஓர் ஐயா உட்கார்ந்திருந்தார். எங்களை நிற்கவைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். பக்கத்தில் எங்கள் பேச்சைத் தமிழிலிருந்து மாற்றிச் சொல்ல ஓர் ஆள்.

"இந்த நாட்டில நிலையா இருக்கிற எண்ணம் உண்டா எண்டு ஐயா கேக்கிறார்" என்றான் அந்த ஆள்.

"இருந்துக்கிட்டுத்தானேங்க இருக்கேன், நாப்பது வருசமா. எண்ணம் எதுக்குங்க?" என்றாள் அக்கா.

"அதுக்கு அத்தாட்சி?"

"லயத்துக்குப் பின்னால பேரி மரம் நட்டிருக்கேங்க. காய்க்க ஏழு வருசமாச்சு. போறவ நடுவாளா? வந்து பாருங்க. காயும் தாரேன்."

அந்த ஆள் மாற்றிச் சொன்னான். ஐயா சிரித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு மனுக் காகிதக் கட்டைப் புரட்டினார். அப்பாவின் நோட்டீஸ் வந்தது. அந்த ஆள் விரலை ஓட்டி ஓட்டி அதைப் படித்துச் சொன்னான். "ஆவல்" வந்த இடத்தில் ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வரிக்குக் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோடு போட்டார்.

"உங்கட குடும்பத்தின்ர எண்ணம் இதில அச்சிலேயே இருக்குதே எண்டு கேக்கிறார்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னாடா எழுதியிருக்கு?"

அன்று வாசலில் கேட்டது அவளுக்கு மறந்திருந்தது. படித்துக் காட்டினேன். இந்தத் தடவை என் குரல் உடையவில்லை.

"ஐயா, அது எங்க கணக்கப்புள்ள எழுதுன பொய்யிங்க! எங்கப்பனுக்குக் கருவாட்டு மேலதான் ஆசை!" என்றாள் அக்கா.

அதை அந்த ஆள் மாற்றிச் சொல்லவேயில்லை. "சரி, போங்கோ" என்றான். மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது.

நான் நேரே ஆண்டியப்பனிடம் போனேன். வாய் நிறைய வெற்றிலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செல்லசாமி, எல்லா நோட்டீசுலயும் போடுறதுதானே? ஒரு அழகுக்குப் போடுறது" என்றார். சொல்லிவிட்டு என் காலடியில் துப்பினார்.

அழகுக்கு! ஒருத்தியை நாடில்லாதவளாக்கிய அழகு.

அதற்குப் பிறகு மலையில் அவரைக் கண்டால் அக்கா விட மாட்டாள். "கணக்கப்புள்ள ஐயா, இன்னைக்கு யார முசிறிக்கு அனுப்பினீங்க?" என்பாள். அவர் காது கேளாதவர்போலப் போவார்.

போன வருஷக் கடைசியில் இந்த நாட்டு அரசாங்கமும் கடலுக்கு அந்தப் பக்கத்து அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டன. அக்கரப்பத்தனை பஜாரில் கடை வைத்திருக்கும் மஃறூப் நானா பேப்பர் படித்துச் சொன்னார், தோட்டத்து ஆட்களில் இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று.

"நாங்க என்னா நானா கொழுந்தா, நிறுத்துப் பங்கு போட?" என்றாள் அக்கா.

"கொழுந்துக்காச்சும் நிறுத்த கணக்குக்குத் துண்டு குடுப்பானே, பூரணி" என்றார் நானா.

அப்போதே அவளுக்கு நெஞ்சில் சளி. மருந்துக்காரர் எல்லா வியாதிக்கும் கொடுக்கிற அதே சிவப்புத் தண்ணீரைக் கொடுத்தார். அதுவும் ஆண்டியப்பன் வரி மாதிரிதான். தைப்பொங்கல் முடிந்த ஆறாம் நாள் போனாள்.

மூன்றாம் நாளே ஆண்டியப்பன் வந்துவிட்டார், நெற்றியில் சந்தனம், கையில் எழுதிய தாள். முகத்தைத் துக்கமாக வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். "பிறந்த மண்ணை மீண்டும் மிதிக்கும் ஆவல் ஈடேறாமலே." அவள் பிறந்த மண்ணை அவள் தினமும் மிதித்தாள். காலையும் மாலையும் கூட்டினாள். சாணி போட்டு மெழுகினாள்.

"ஐயா, இவ பொறந்தது அந்தா அந்த அடுப்புக்கிட்ட. ஒங்களுக்கே தெரியும்" என்றேன்.

"பரம்பரை ஊருன்னு ஒண்ணு இருக்கில்லப்பா."

எங்கள் சித்தப்பா சின்னராசாவும் சேர்ந்துகொண்டார். "ஊரு பேரு இல்லாம நோட்டீஸ் அடிச்சா அநாதப் பொணம்னு நெனைப்பாங்கடா. நமக்கொரு கௌரவம் இல்ல?"

"அவள அநாதையாக்கினதே இந்த வரிதான் சித்தப்பா" என்று சொல்லித் தாளை அடுப்பில் போட்டேன். சித்தப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். போகட்டும்.

ஆண்டியப்பன் வாசலில் நின்று, "ஒனக்கு எழுதத் தெரியுமாடா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. பொய் எழுத சுத்தமாத் தெரியாது."

மஃறூப் நானா கடைப் பலகையில் உட்கார்ந்து எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவன் என் தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தோட்டத்து ஆளுங்களுக்கு நாங்க கோத்தே வச்சிருக்கோம். ஊர மட்டும் சொல்லுங்க, சொருகிடுறேன்" என்றான். அச்சுக் கட்டையை எடுத்தும் காட்டினான். அந்த வரி ஈயத்தில், மை படிந்து, தலைகீழாக நின்றது. எத்தனை பிணத்தின் மேல் அழுத்திய ஈயமோ. கையில் வாங்கவே அருவருப்பாக இருந்தது.

"அதக் கொண்டுபோயி உள்ள வையி. நான் எழுதினத அப்படியே கோ" என்றேன்.

இதுதான் அச்சில் வந்தது: "பூரணி. மூக்கன் மகள். பிறந்தது டயகம. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்தது டயகம. ஒரு பேரி மரம் நட்டாள், அது காய்க்கிறது. செத்தது டயகம. கருமாதிக்கு வாருங்கள். தம்பி செல்லசாமி."

நூறு அடித்தேன். ஒன்றை மடுவத்துக் கதவில் ஒட்டினேன். ஆண்டியப்பன் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன். லயம் லயமாகக் கொடுத்ததுபோக ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. மஃறூப் நானா உறையில் விலாசம் எழுதித் தந்துவிட்டார். முத்திரையும் ஒட்டியாயிற்று. நாளைக்குத் தபால் பெட்டியில் போடுவேன்.

சாவதற்கு இரண்டு நாள் முன்னால், காலையில், அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"அந்த ஆள உள்ள விடாத. நீயே எழுது. நல்லவன்னுகூடப் போடாத" என்றாள்.

சரி என்றேன். கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று எழுந்தேன். வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, ஒண்ண அந்தக் கந்தோரு ஐயாவுக்கு அனுப்பு. செவப்புப் பென்சிலு வச்சிருந்தாரே, அவருக்கு. இதுல எந்த வரிக்குக் கோடு போடுறாருன்னு பாப்பம்."