பெட்டிசத்தில் எழுதாதது

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்குத் தேநீர் கொடுப்பது பெண்பிள்ளைகளின் வேலை. அதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதிபர் தம்முடைய மணிமணியான கையெழுத்தில் எழுதி ஆசிரியர் அறைக் கதவில் ஒட்டியிருப்பார். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் முறை வைத்து, இரண்டாம் பாடம் முடிந்ததும் எழுந்துபோய், தண்ணீர் கொதிக்க வைத்து, கோப்பைகளைக் கழுவி, ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, குடித்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவி அடுக்க வேண்டும். அதற்குள் மூன்றாம் பாடம் போய்விடும். ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருந்தது. அவர்கள் மணி அடித்தார்கள். அதற்கு அரை நிமிடம் போதும். அடித்தவன் அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவான். இதில் ஏதோ பிழை இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நாலாம் வகுப்பில் இருந்த நான், என் பெயர் எப்போது அந்தக் கதவில் ஏறும் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போய் ஏழெட்டு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. அக்கா பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்தாள். அந்த வகுப்பில் பெண்பிள்ளைகள் ஐந்தே பேர். தான் டாக்குத்தராக வரப்போவதாகச் சொல்லுவாள். சொல்லிவிட்டு எங்கள் வீட்டுப் பூனையைப் பிடித்து வைத்து அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். பூனை அவளைப் பிறாண்டும். அவள் அதை நோயாளியின் குணம் என்பாள்.

மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஆசிரியர் அறையில் இருந்து தேநீர் குடித்தார்கள். விஞ்ஞான மாஸ்ரர் மட்டும் தமக்குரிய கோப்பையை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுவார். ஆய்வுகூடம் வளவின் கடைசியில், தனியாக இருந்தது. அங்கே தேநீர் கொண்டுபோகும் முறை வந்தால் பெரிய பிள்ளைகள் இரண்டு பேராகப் போவார்கள். ஏன் என்று அவர்கள் வாய் திறந்து சொன்னதில்லை. ஒரு நாள் மாஸ்ரர், ஒரு கோப்பைத் தேநீருக்கு எத்தனை பேர் பாடத்தை விடுவது என்று அதிபரிடம் குறை சொன்னார். பிள்ளைகளின் படிப்பில் அவருக்கு அவ்வளவு அக்கறை! அதிபரும் ஒருவர்தான் போகலாம் என்று கட்டளை போட்டார்.

அக்காவின் முறை வந்த அன்று அவள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வகுப்புகளுக்கு அது இடைவேளை நேரம். ஆய்வுகூட வாசலில் என்னை நிறுத்தி, "நான் வெளியில வருமட்டும் இந்த இடத்தை விட்டு அசையக்கூடாது, விளங்குதா?" என்றாள். நான் ஓம் என்றேன். அவள் உள்ளே போனதும் மாஸ்ரர் தலையை நீட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். ஒன்பதாம் வகுப்பில் தன் வெண்கட்டிப் பெட்டியை விட்டுவிட்டதாகவும், கெட்டிக்காரப் பிள்ளையான நான் ஓடிப்போய் அதை எடுத்துவர வேண்டும் என்றும் சொன்னார்.

நான் ஓடினேன். மாஸ்ரர் ஒருவர் வேலை சொன்னால் ஓடுவதுதான் நல்ல பிள்ளை என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். மறுத்துச் சொல்ல எவரும் பழக்கியிருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பெட்டி இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஆய்வுகூடத்துக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே கோப்பை உடைகிற சத்தம் கேட்டது. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வெள்ளைச் சட்டையில் தேநீர் சிந்தியிருந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டாள். கண்டதும் என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

அக்கா என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். பொறுப்பேனா நான்? பள்ளிக்கூடம் விட்டதும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிப்போய், அழுகையும் மூக்குச்சளியுமாக அம்மாவிடம் முறையிட்டேன். அடுப்படியில் நின்ற அம்மா அக்காவைக் குசினிக்குள் கூப்பிட்டு, சின்னப்பிள்ளையை எதற்காக அடித்தாய் என்று கேட்டார். அக்காவுக்கு நல்ல ஏச்சு விழப்போகிறது என்ற சந்தோஷத்தில் நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"மாஸ்ரர் கையைப் பிடிச்சு இழுத்தவர், அம்மா. விடச் சொன்னனான், விடேல்லை. தேத்தண்ணியை முகத்தில ஊத்திப்போட்டு ஓடி வந்தனான்."

அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஆரும் கண்டவையோ?" என்பதுதான்.

"ஒருத்தரும் காணேல்லை" என்று அக்கா விம்மினாள். "இவளை வாசலில நிப்பாட்டினனான். இவளும் ஓடிட்டாள்."

"அம்மாளாச்சி காப்பாத்திப்போட்டா" என்றார் அம்மா.

எவரும் காணவில்லையே என்று ஒருத்தி அழுகிறாள். எவரும் காணவில்லை என்று மற்றவள் சாமியைக் கும்பிடுகிறாள். அம்மா கல்நெஞ்சக்காரி அல்ல. அன்று அக்காவின் மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவிவிட்டு, சோற்றைப் பிசைந்து ஊட்டியும் விட்டார். ஆனால் அந்தக் கேள்வியை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் அதிபர் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். மாஸ்ரரைப் பற்றி விசாரிக்க என்றுதான் நாங்கள் நினைத்தோம். இல்லை. ஆசிரியர் மீது கொதிக்கிற தேநீரை ஊற்றியதும் பள்ளிக்கூடத்துக் கோப்பையை உடைத்ததும் அக்காவின் குற்றங்கள். காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அப்பா கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, தன் மகள் சொன்னதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ அந்த நேரம் அங்க நிண்டனியோ?"

"இல்லை சேர். வெண்கட்டிப் பெட்டி எடுக்கப் போனனான்."

"அது போதும், வகுப்புக்குப் போ" என்றார்.

உன்னை அனுப்பியது யார் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பெட்டி அங்கே இருந்ததா என்று கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மனிதருக்கு இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது என்று தெரியாமலா இருந்திருக்கும்? கேட்டால் பதில் வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. நானோ, உண்மை பேசிய பெருமையோடு வகுப்புக்குப் போனேன்.

அக்கா மன்னிப்புக் கேட்க முடியாது என்றுவிட்டாள். "ஏலாது. என்னட்டை அவர்தான் கேக்கவேணும்" என்றாள். பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. தன் வகுப்பில் இருந்த மற்ற நான்கு பெண்பிள்ளைகளின் வீடுகளுக்கும் போனாள். நான்கு பேருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. ஆனால் நான்கு வீட்டிலும் தகப்பன்மார் வாசலுக்கு வந்து, எங்கள் பிள்ளையின் பெயரை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அடியும் விழுந்ததாம்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகக் கந்தோரில் கடிதமும் கணக்கும் எழுதுகிற இலிகிதர் அவர். வெள்ளைக்காரத் துரைமாரிடம் வேலை பழகியவர். ஊரில் எவருக்காவது அநியாயம் நடந்தால் மேலிடத்துக்கு முறையிட்டுப் பெட்டிசம் எழுதிக்கொள்ள எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். காணித் தகராறு, பென்சன் இழுபறி, குழாய்த் தண்ணீர் வராதது என்று எதை எழுதினாலும் அப்பாவின் பெட்டிசத்துக்குப் பதில் வராமல் இருந்ததில்லை என்பார்கள். உப்புவெளியிலிருந்துகூடச் சைக்கிளில் ஆள் வரும். இந்த முறை தன் பிள்ளைக்காக அவர் பேனாவைத் திறந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மேசையில் இருந்து கல்விக் கந்தோருக்கு ஆங்கிலத்தில் எழுதினார். முடித்ததும் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு இருத்தி, வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

குறித்த ஆசிரியர் பாடத்திட்டத்தை முடிக்கவில்லை. பரிசோதனைகளைச் செய்து காட்டுவதில்லை. தீப்பிடிக்கக்கூடிய திராவகங்கள் உள்ள ஆய்வுகூடத்தில் சுருட்டுப் புகைக்கிறார். மாணவிகளின் படிப்பு நேரம் தேநீரில் கழிகிறது. எழுதியதெல்லாம் உண்மை. ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அம்மாவின் முகம் தெளிந்தது.

"நடந்ததை எழுதேல்லையே அப்பா" என்றாள் அக்கா.

"எழுதினா அது ஃபைலில ஏறிடும் பிள்ளை. நாளைக்கு ஆர் ஆர் எடுத்துப் படிப்பினமோ."

"படிக்கட்டும். படிக்கத்தானே எழுதுறது."

"உன்ர பேர் கெட்டுப்போகும்."

"நான் என்ன செய்தனான் அப்பா, என்ர பேர் கெட?"

ஊரார் எல்லோருடைய அநியாயத்தையும் பந்தி பிரித்து, இலக்கமிட்டு எழுதத் தெரிந்த மனிதருக்குத் தன் மகளுக்கு நடந்ததை எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. அப்பா பேனாவை மூடினார். அக்கா எழுந்து போனாள்.

அப்பாவின் பெட்டிசம் வழக்கம்போல் வேலை செய்தது. இரண்டு மாதத்துக்குள் மாஸ்ரருக்கு இடமாற்றம் வந்தது. தண்டனை என்று எங்கேயும் எழுதப்படவில்லை. சேவையின் தேவை கருதி, மூதூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவரை மாற்றியிருந்தார்கள். எங்களுடைய பகுதியில் அது ஒரு வழக்கம். ஒரு மனிதரால் நகரத்தில் கரைச்சல் என்றால் குடாக்கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு அவர் இருக்கிறாரா, என்ன செய்கிறார் என்று இந்தப் பக்கத்தில் எவரும் கேட்பதில்லை.

மாஸ்ரருக்குப் பிரியாவிடை வைத்தார்கள். அதிபர் அவரை ஏணி என்றும் தோணி என்றும் புகழ்ந்து அரை மணித்தியாலம் பேசினார். தேநீர் பரிமாறியது பட்டியலில் அன்றைய முறை வந்த பெண்பிள்ளை. சிறிய வகுப்புகளின் சார்பில் மாலை போட என்னைத் தெரிந்தெடுத்தார்கள். வேண்டாம் என்றால் ஊர் ஏதும் கதைக்கும் என்று அம்மா என் சட்டையை மினுக்கித் தந்து அனுப்பினார். நானும் போட்டேன். மாஸ்ரர் குனிந்து தலையைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். இந்தக் கைகளால்தான் போட்டேன் என்று நினைக்கையில் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவர் போன பிறகு விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் வரவில்லை. வகுப்பில் இருந்த ஆண்பிள்ளைகளை மட்டும் நகரத்து வேறொரு பள்ளிக்கூடத்துக்கு வாரம் மூன்று நாள் பஸ்ஸில் அனுப்பினார்கள். பெண்பிள்ளைகளை அப்படித் தூரம் அனுப்புவது பாதுகாப்பில்லை என்று அதிபர் சொன்னார். பாதுகாப்பு என்ற சொல்லை அந்த மனிதர் கூசாமல் சொன்னார்! ஐந்து பேரையும் மனையியலுக்கு மாற்றினார்கள். மாஸ்ரர் போனதோடு மன்னிப்புப் பேச்சும் அடங்கிவிட, விஞ்ஞானம் படிக்கலாம் என்ற ஆசையில் திரும்பிப் போன அக்கா, தலையணை உறைக்குப் பூத்தையல் போடப் பழகினாள். அதன் பிறகு டாக்குத்தர் கதை எங்கள் வீட்டில் எழவில்லை.

மாஸ்ரர் புறப்பட்ட நாளைச் சொல்லி முடிக்கிறேன். காலை நேரம். மூதூருக்கு லோஞ்ச் என்ற இயந்திரப் படகு போகிற இறங்குதுறைக்கு நாங்கள் ஒரு கூட்டம் பிள்ளைகள் ஓடிப்போனோம். ஒரு டிரங்குப் பெட்டியையும் பாய்ச்சுருள் ஒன்றையும் முதலில் ஏற்றினார்கள். பிறகு மாஸ்ரர் ஏறினார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். லோஞ்ச் சிறுத்துச் சிறுத்துப் போகுமட்டும் நின்று பார்த்தேன். அக்காவை அழவைத்த ஆள் போய்த் தொலைந்தார், இனி எல்லாம் சரி என்று எனக்குள் ஒரே குதூகலம். வாசலில் நின்று அசையக் கூடாது என்ற பேச்சை மீறியதற்கு இந்தச் செய்தியோடு என் கணக்குத் தீர்ந்துவிடும் என்றும் நினைத்தேன்.

"அக்கா, போயிட்டார்! மாஸ்ரர் மூதூருக்குப் போயிட்டார்!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன்.

அக்கா குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். "அங்க அவருக்கு என்ன வேலையாம்?" என்று கேட்டாள்.

"படிப்பிக்கிறதுதான். பெரிய பள்ளிக்கூடமாம்."

"பெட்டைப் பிள்ளையளும் படிக்கினமோ?"

"ஓம். கனபேர் படிக்கினமாம்" என்றேன் உற்சாகமாக.

அக்கா முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். கையைப் பிடித்து இழுத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அவ்வளவு வெறுத்த மனிதர் ஊரை விட்டுப் போனதற்கு அக்கா எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்து, "அழாதையக்கா, அவர் திரும்பி வருவார்" என்று ஆறுதல் சொன்னேன்.