கையில் தடவிய சுண்ணாம்பு

எழுபதுகளில் ஆம்பூரில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். பக்கத்து வீட்டு ஷாகிரா அம்மா தன் கோழியையும் குஞ்சுகளையும் முருங்கை மரத்தடியில் கூடை கவிழ்த்து அடைத்து வைப்பார். அந்த மரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. பகலில் அதைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுமையில்லாமல் ஒரு ஞாயிறு மத்தியானம் பந்தம் கொளுத்தி நீட்டினேன். எரிந்த கூடு நேராகக் கோழிக் கூடைமேல் விழுந்தது. பந்தத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டேன்.

வெளியே கோழி கத்தியது. கூடையைத் தூக்கிவிட்டால் போதும். தாழ்ப்பாள்வரை போவதும் திரும்புவதுமாக இருந்தேன். கடைசியில் ஷாகிரா அம்மாதான் முக்காட்டை இழுத்துச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து தூக்கினார். குஞ்சுகள் பிழைத்தன, கோழி செத்துவிட்டது.

கீழே கிடந்த பந்தத்தைப் பார்த்துவிட்டு அவர் என் கதவைத் தட்டினார். “இன்னா சார், பி.ஏ. படிச்சுட்டு பட்டப்பகல்ல குளவிகிட்ட வம்பு பண்றீங்க? ஜாஸ்தி கொட்டிடுச்சா? வாசல்ல சுண்ணாம்பு வெச்சிருக்கேன், தடவுங்க.”

என்னை ஒரு குளவிகூடத் தொடவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கதவைத் திறந்து அந்தச் சுண்ணாம்பை எடுத்துக் கையில் தடவிக்கொண்டு வெளியே வந்தேன். முகமெல்லாம் வீங்கியிருந்த அவர், “வலிக்குதா சார்?” என்று கேட்டார்.

“ஆமாம்மா” என்றேன்.

இந்த வயதிலும் அந்தப் பதில் என்னை உட்காரவிடாமல் எழுந்து நடக்க வைக்கிறது.