"எம்மகன் சாப்ட்டானா சார்?"

போன வருஷம், மிளகாய்ப் பழம் பறிக்கிற சமயம். பரளச்சியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அன்றைக்குத் தலைமையாசிரியை தொழில்நுட்பப் பயிற்சிக்காக அருப்புக்கோட்டை போய்விட்டார். அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்தன்.

எங்கள் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஓர் அம்மா உண்டு. தினமும் காலையில் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வரும்: "எம்மகன் சாப்ட்டானாஆ சார்?" பள்ளியில் காலைச் சிற்றுண்டி போடுகிறோம், சாப்பிடாமல் எங்கே போவான்? வீட்டுப்பாடம் போட்டால் அதுக்கும் இதே பதில். தேர்வுத் தேதி போட்டாலும் இதே. அன்றைக்கும் வந்தது. எனக்கு வந்த எரிச்சலில், அதே பயிற்சிக்குப் போயிருந்த பக்கத்து ஊர் வாத்தியார் நண்பனுக்கு அந்த அம்மா மாதிரியே பேசி அனுப்பினேன். "எம்மகன் சாப்ட்டானாஆ சார்? மென்னானா? முழுங்குனானா? ஏப்பம் விட்டானா?"

மிமிக்ரி பிரமாதமாக வந்திருந்தது. போய் விழுந்த இடம்தான் பெற்றோர் குழு.

பதறி அந்தப் பதிவை அழுத்திப் பிடித்தேன். எல்லோருக்கும் நீக்கவா, உனக்கு மட்டும் நீக்கவா என்று கேட்டது. அவசரத்தில் விரல் இரண்டாவதில் போய் விழுந்தது. ஊரே கேட்கலாம், நான் மட்டும் கேட்க முடியாது! நீக்கியதும் திரையின் அடியில் சில நொடி ஒரு பட்டன் தெரியும், அதைத் தொட்டால் பதிவு திரும்ப வந்துவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் திரையே தெரியவில்லை. இந்த லட்சணத்தில், 'கைப்பேசியில் ஒளிந்திருக்கும் வசதிகள்' என்று மற்ற வாத்தியார்களுக்கு வகுப்பு எடுத்தவன் வேறு நான்.

வேலை போய்விடும் என்றெல்லாம் பயமில்லை. அந்தப் பையன் ஆடு மேய்க்கப் போய்க்கொண்டிருந்தவன். "நாங்க பாத்துக்கிறோம், அனுப்புங்கம்மா" என்று நடையாய் நடந்து கூட்டிவந்தோம். பெத்தவளைக் கேலி பண்ணுகிற வாத்தியாரிடம் பிள்ளையை யார் விடுவார்? நாளைக்கே நிறுத்திவிட்டால்?

குழுவின் அட்மின் தலைமையாசிரியை. அவர் போனை எடுக்கவில்லை. நண்பனும் எடுக்கவில்லை. சுற்றுச்சுவர் மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஓடுவதும், உள்ளே கேட்கிற சத்தத்துக்கு வகுப்புக்கு ஓடுவதுமாக இருந்தேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நண்பன் எடுத்தான். விஷயத்தைச் சொல்லி, எப்படியாவது எங்கள் தலைமையாசிரியையிடம் அழிக்கச் சொல்லு என்று கெஞ்சினேன். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"அழிச்சாச்சுலே. ஒங்க எச்.எம்முக்கு எப்படின்னு தெரியல. பயிற்சி குடுக்கிறவுககிட்ட போனைக் குடுத்தாக. அவுக திரையில போட்டு, அட்மின் நெனச்சா யாரு போட்டதையும் அழிக்கலாம்னு எல்லாருக்கும் செஞ்சு காமிச்சிட்டாக."

"கொரலு ஓடலைல்ல?"

"ஓடுச்சே! கைதட்டு வேற."

மானம் போனாலும் பரவாயில்லை, காட்டுவேலைக்குப் போனவர்கள் காலையில் கேள்வி போட்டதோடு சரி, இனி சாயங்காலம்தானே போனைப் பார்ப்பார்கள், தப்பித்தோம் என்று மூச்சுவிட்டேன்.

பள்ளி விடும்போது அந்த அம்மா வாசலில் நின்றார்.

"நல்லாப் பேசுனீக சார். காட்டுல கஞ்சி குடிக்க உக்காந்தப்ப போட்டுக் காமிச்சேன், சிரியா சிரிச்சாளுக. நான் இன்னுங் கொஞ்சம் இழுப்பேனாம்ல!"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாங்க விடியமுன்ன வண்டி ஏறிருவோம். அவன் தூங்கிக் கெடப்பான். எந்திரிச்சு இங்க வந்தானா, ஆட்டுக்குப் பின்னாடியே போயிட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும்? சாப்ட்டான்னு நீங்க சொன்னா வந்துட்டான்னு தெரிஞ்சுக்கிருவேன். ஒரு நாளாச்சும் பதில் போட்டீகளா? கேலி பண்ணுங்க சார், வேணாங்கல. பதிலையும் போட்டுருங்க."

மறுநாள் பையன் வந்தான். சிற்றுண்டி முடிந்ததும் வந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேர் பெயரையும் குழுவில் சொல்லி அனுப்பினேன். அதுவரை வாயே திறக்காத தாய்மார்கள்கூட "சரிங்க சார்" என்றார்கள். இப்போது அதுதான் தினமும் என் முதல் வேலை.

ஒரே கேள்வியை யாராவது திரும்பத் திரும்பக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால், நாம் இன்னும் பதிலே சொல்லவில்லையோ என்கிற சந்தேகம் அதற்கு முன்னால் வந்து நிற்கிறது.