தைத்துக்கொண்ட முடி

எங்கள் வீட்டுக்குச் சாம்பு வாங்குவதென்றால் நான் இரண்டு கடைகளுக்குப் போகவேண்டும். எனக்கு வேண்டியது ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற டோட்முண்ட் நகரின் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். மகள் அபியின் தலைக்கு வேண்டிய எண்ணெயும் களிம்பும் வாங்க, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஆபிரிக்கக் கடைக்குப் போகவேண்டும். அந்தக் கடைச் சுவரில் கூரையிலிருந்து இடுப்பு உயரம்வரை முடி தொங்கும். கறுப்பு, கபிலம், செம்பட்டை எல்லாம் கண்ணாடித்தாள் பக்கெட்டில் அடைத்து, மேலே ‘இந்தியன்’ என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்திருக்கும். முதன்முதல் போன அன்று, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் ஜெர்மனில் கேட்டாள்: “இவை உங்களுடையவையா?” என் கூடையில் கிடந்த போத்தல்களைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, “இன்னும் இல்லை, இனித்தான் காசு கட்டவேண்டும்” என்றேன். கடையே சிரித்தது. அவள் கேட்டது இடுப்புவரை தொங்கிய என் பின்னலைப் பற்றி என்பது வெளியே வந்து பாதித் தூரம் நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்தக் கடையும் சுவரும் புதிதாக இருக்கும். இங்கே இருக்கிற எங்களுடைய ஆட்களிலும் பலர் அதற்குள் காலெடுத்து வைத்திருக்கமாட்டார்கள். என் கணவர் குவாமே கானா நாட்டவர். நானும் அவரும் ஜெர்மன் மொழி வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து, ஒரே பிழைகளை விட்டுப் பழகியவர்கள். அவரைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது, கொலோனில் இருக்கும் என் அண்ணை ஒரு சொல்லைச் சொன்னார். ஆபிரிக்கரைக் குறிக்க யாழ்ப்பாணத்தில் நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்கிற அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அண்ணை என்னோடு கதைக்கவில்லை. மகள் பிறந்தாள். நான் அபிராமி என்று பெயர் வைத்தேன். செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்பதால் தகப்பன் தங்கள் வழக்கப்படி அபேனா என்றார். இரண்டு வீட்டுப் பெயரும் சுருங்கி அபி என்று ஒன்றாகிவிட்டது. ஆனால் முடி சுருங்கி ஒன்றாகவில்லை. அது முழுக்கத் தகப்பன் வீட்டு முடி. நெருக்கமாக, வசந்தகாலப் பற்றைபோல வானத்தைப் பார்த்து வளர்ந்தது.

அபி குழந்தையாக இருந்தபோது, விளையாட்டுத் திடலில் ஒரு ஜெர்மன் அம்மா என்னிடம் மிக அன்பாக, “நீங்கள் இந்தப் பிள்ளையின் டாகெஸ்முட்டரா?” என்று கேட்டார். டாக் என்றால் பகல், முட்டர் என்றால் அம்மா. எனக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான். “இல்லை, இரவிலும் நான்தான் அம்மா” என்றேன். அவர் குழம்பிப்போய் வேறு பக்கம் திரும்பினார். அந்தச் சொல்லுக்குக் கூலிக்குப் பிள்ளை பார்ப்பவள் என்று பொருள் என்பதைக் குவாமே வீட்டில் சொன்னார். அவர் அதை ஏற்கெனவே வேறு யாரிடமோ கேட்டு அறிந்திருந்தார்.

போன கோடையில் அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. அவருடைய மகள் தர்சிகா பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு. அவளும் அபியும் எங்களுக்குத் தெரியாமல் கைத்தொலைபேசியில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து மாதக்கணக்காகக் கதைத்திருக்கிறார்கள். அபி மச்சாள் தோழியாக வராவிட்டால் தனக்குச் சடங்கே வேண்டாம் என்று தர்சிகா நின்றிருக்கிறாள். “பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா” என்றார் அண்ணை. போனை வைக்கப்போகிற நேரத்தில், “அவரையும்தான்” என்றார். நான் ஓம் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு கிழமை போக, அண்ணி போன் எடுத்தா. சமையல் கையோடு நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“குறை நினைக்காதேங்கோ. தோழிப் பிள்ளையள் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சடை. மேக்கப் செய்யிற பிள்ளை சொல்லுது, அபியின்ர முடியில பூ வைக்க ஏலாதாம். ஒருக்கா நேராக்கிக்கொண்டு வந்தீங்கள் எண்டால் வீடியோவுக்கும் வடிவாயிருக்கும்.”

“அப்ப நாங்கள் வரேல்லை அண்ணி” என்று போனை வைத்துவிட்டேன். திரும்பினால் கதவடியில் அபி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“நான் வீவ் வைக்கிறன்” என்றாள். முடியைத் தலையோடு ஒட்டப் பின்னி, அதன்மேல் கடை முடியை வரிசை வரிசையாகத் தைப்பதுதான் வீவ்.

“ஏன்? உன்ர முடிக்கு என்ன குறை? அது வடிவான முடி.”

“உங்களுக்குச் சொல்லலாம். உங்கட முடி கடையில பக்கெட்டில தொங்குது.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. “அம்மா, உங்களோட ட்ராமில வந்தால் ஆக்கள் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பாக்கினம். ஒருநாளைக்கு உங்கட பிள்ளை மாதிரி இருந்து பாக்கவேணும். ஒரே ஒருநாளைக்கு.”

அபியின் வயதில் நாங்கள் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்துபோய், வன்னியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பல குடும்பங்களோடு இருந்தோம். குளிக்கத் தண்ணீர் இல்லை. பேன் பெருகியது. அம்மா ஒருநாள் என்னை மரத்தடியில் இருத்தி, துணி வெட்டும் கத்தரிக்கோலால் என் பின்னலை அடியோடு வெட்டினா. விட்டுவந்த வீட்டுக்காக நான் அழவில்லை. அன்றைக்கு அழுதேன். “உயிர் கிடக்க மயிருக்கு அழுறாய்” என்று பேசிய அம்மாவும் அழுதா. முடி என்பது வெறும் முடியல்ல என்று தெரிந்த நானே, மகளிடம் அதைப் பெரிதாக எடுக்காதே என்று எப்படிச் சொல்வது?

குவாமேயின் தங்கை எஃபுவா டூசல்டோர்ஃபில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தலையில் முடி தைக்கவும் தெரிந்தவள். அவள் மறுத்துவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் அவளைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது தோளில் நேரான முடி அலைந்தது. குசினியில் வைத்து மெதுவாகச் சொன்னேன்: “வேண்டாம் என்று நீ சொல்லு. நான் சொன்னால் எடுபடாது. உனக்குத் தெரியும்தானே.”

“எனக்கு என்ன தெரியும்?” என்று எஃபுவா கேட்டாள். நாங்கள் இருவரும் ஜெர்மனில்தான் கதைப்போம். இருவருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால் சுற்றிவளைக்காமல் கதைக்க முடிகிறது. “ஹோட்டல் வரவேற்பறையில் தொழில் பழகப் போனபோது, சொந்த முடியோடு நின்றால் இப்போதுதான் படுக்கையால் எழும்பி வந்தவள்போல இருக்கிறாய் என்றார்கள். அடுத்த கிழமை வீவ் வைத்தேன். பல வருடம் அவர்களுக்காகவே வைத்தேன். பிறகு ஒரு கோடையில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு என் சொந்த முடியோடு திரிந்தேன். எங்கள் தேவாலயத்து ஆண்கள் உடம்புக்கு ஏலாதோ என்று விசாரித்தார்கள். ரயிலில் ஒரு வெள்ளைக்காரி என் கையைப் பிடித்து, உனக்கு எவ்வளவு துணிச்சல் என்றாள். நான் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது மறுபடி வைத்திருக்கிறேன். தலையைத் திருப்பும்போது அது ஆடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. வைத்தால் ஏன் வைத்தாய் என்று ஒரு கூட்டம், எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று இன்னொரு கூட்டம். நீயும் சேரப்போகிறாயா?”

அபியை இருத்தி, பின்னத் தொடங்குமுன் எஃபுவா கேட்டாள்: “இது யாருடைய ஆசை? உன்னுடையதா, அந்த வீட்டாருடையதா?”

அபி யோசித்தாள். “பாதி என்னுடையது.”

“பாதி போதும். எனக்குக் கால்வாசிகூட இருக்கவில்லை.”

பின்னேரம்வரை வேலை நடந்தது. கடை முடியின் வரிசைகளை எஃபுவா வளைந்த ஊசியால் தைத்தாள். ஊசி மேலும் கீழும் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெண், அநேகமாக எங்களுடைய மொழியோ பக்கத்து மொழியோ பேசுகிறவள், நேர்த்திக்காகவோ வறுமைக்காகவோ இறக்கிவைத்த முடி. அது எத்தனையோ கை மாறி வந்து என் மகளை என்னைப்போல ஆக்கிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அபி கண்ணாடியை விட்டு என்னைப் பார்த்தாள். அவளுடைய மூக்கும் நாடியும் என்னுடையவை என்பதை அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. எனக்கே அன்றுதான் தெரிந்தது. குவாமே வந்து வாசலில் நின்றார். “அழகாக இருக்கிறாள்” என்றார். பிறகு என்னிடம் மட்டும், “இன்றைக்கு முழுக்க உன்னுடைய பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் பல்கனிக்குப் போனார். அவர் திரும்பி உள்ளே வர நேரமெடுத்தது.

கொலோன் மண்டபத்தில், என் கலியாணத்தோடு என்னை மறந்த அத்தனை பேரும் இருந்தார்கள். அபி சேலையோடு தட்டு ஏந்தி வந்தபோது, “அப்பிடியே தாயை உரிச்சு வைச்சிருக்கு!” என்று ஒரு மாமி சத்தமாகச் சொன்னா. அபி கழுத்தைத் திருப்பாமல் கண்ணால் என்னைத் தேடினாள். நான் சந்தோசப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே சந்தோசப்பட்டேன். பக்கத்துக் கதிரையில் கோட் போட்டுக்கொண்டு தனியாக இருந்த குவாமேயின் கையை அப்போது நான் பிடித்தேன். அவர் என் விரல்களைத் தட்டிக்கொடுத்தார். அண்ணை அவரிடம் வந்து, “சாப்பிட்டீங்களோ?” என்று ஜெர்மனில் கேட்டார். இருவருக்கும் இடையில் நடந்த முதல் பேச்சு அதுதான்.

சடங்கு முடிந்து பெண்பிள்ளைகள் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனார்கள், நானும் கூடப் போனேன். அண்ணியின் தமக்கை அபியின் தலையிலிருந்து பூவைக் கழற்ற உதவினா. கழற்றிய கை நின்றது. விரலால் தலையைத் தடவி, “ஐயோ, இது தைச்சு வைச்சிருக்கு! பொய் முடியே?” என்றா. அறையில் எல்லோரும் திரும்பினார்கள். அபியின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தர்சிகா கண்ணாடிக்கு முன்னால் இருந்தாள். அவளுடைய நீளச் சடையை மேக்கப் பெண் அப்போதுதான் கழற்றி மேசையில் வைத்திருந்தாள். பூ சுற்றிய சவுரி. கீழே அவளுடைய சொந்த முடி தோள்மட்டும்தான் இருந்தது. அவள் எழும்பி அந்தச் சடையைத் தூக்கிக்கொண்டு வந்து தன் பெரியம்மாவின் கையில் வைத்தாள்.

“இந்தாங்கோ, என்ரயும் பொய்தான்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அபியும் கடைசியில் சிரித்தாள். “அது சடங்குக்கு வைக்கிறது. அது வேற” என்றா பெரியம்மா. இரண்டு முடியும் ஒரே நாட்டிலிருந்து, ஒருவேளை ஒரே கோயில் வாசலிலிருந்து வந்திருக்கலாம். என்றாலும் அது வேற. எது வேற என்று நான் கேட்கவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் விடை தெரியும்.

ஒருநாளைக்கு என்று வைத்த முடியை அபி பல கிழமை வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை, “இப்போது எவ்வளவு ஒழுங்காக இருக்கிறாய்” என்றாராம். அதை எங்களுக்குச் சொன்னபோது அவள் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை கத்தரிக்கோலோடு வந்து, “தலை கடிக்குது, எடுத்துவிடுங்கோ” என்றாள். வேறு காரணம் சொல்லவில்லை. நான் நூலை வெட்டினேன், அவள் இழுத்தாள். கழுவியதும் அவளுடைய முடி ஈரத்தோடு மெல்ல மெல்லச் சுருண்டு எழும்பியது. குவாமே வேலையால் வந்து, அவள் உச்சியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். “இனி வைக்கமாட்டியோ?” என்று நான் கேட்டேன். “ஏன் வைக்காமல்? விருப்பம் வந்தால் வைப்பன்” என்றாள்.

மார்கழி விடுமுறையில் அண்ணை எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். வரவேற்பறைச் சுவரில் சாமத்தியவீட்டுப் படம் பெரிதாகத் தொங்கியது. நடுவில் தர்சிகா, பக்கத்தில் நீளச் சடையோடு அபி. அந்தப் படத்துக்குக் கீழே சோபாவில், தன் சுருள் முடியை இரண்டு குடும்பியாகக் கட்டிக்கொண்டு, அபி றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவிலிருந்து வந்த ஓர் அன்ரி அவளைப் பார்த்தா, குவாமேயைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு அண்ணாந்து படத்தைப் பார்த்தா.

“உங்களுக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோ?” என்று என்னிடம் கேட்டா.

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் வாயைத் திறக்குமுன் அபி சொன்னாள்:

“ஓம் அன்ரி. அவ இண்டைக்கு வரேல்லை.”

சிரிக்காமல்தான் சொன்னாள். அன்ரி தலையாட்டி, “படிக்கிறாவோ?” என்று கேட்டா. அபி கழுத்தை வளைத்து, தனக்கு மேலே தொங்கிய அந்தப் பெண்ணை, சுகம் விசாரிக்கப்பட்ட ஓர் உறவுக்காரியைப் பார்ப்பதுபோலச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.